பந்தில்லாத இடத்தில் ஒரு குதி

வேலூர் சாலையில், திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலில், சாயங்காலம் வாலிபால் நடக்கும் எந்த மைதானத்தின் ஓரத்தில் நின்றாலும் ஒரு கூச்சல் காதில் விழும். "டேய், பந்து அங்க போவுது, நீ எங்கடா எகிர்ற!" திட்டு வாங்குபவர் பெரும்பாலும் அணியிலேயே உயரமானவர், வலைக்கு நடுவில் நிற்பவர். எதிரணியில் அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் அனுப்பிய பந்து ஓரத்தை நோக்கிப் பறக்கிறது. இவரோ நட்ட நடுவில், பந்தே இல்லாத இடத்தில், இரண்டு கையையும் உயர்த்தி எகிறிக்கொண்டிருக்கிறார். ஓரத்தில் ஒற்றை ஆள் மட்டும் தடுக்க, ஸ்மாஷ் இறங்கிப் புள்ளி போய்விடுகிறது.

பார்ப்பவருக்கு வரும் சந்தேகம் நியாயமானதுதான். கண்ணெதிரே பந்து வேறு பக்கம் போகும்போது, வருஷக்கணக்காகப் பயிற்சி எடுத்த ஒருவர் ஏன் இங்கே குதிக்க வேண்டும்? முதலமைச்சர் கோப்பைக்கான மாவட்டப் போட்டியில் மட்டும் இது நடந்தால் அனுபவக் குறைவு என்று சொல்லிவிடலாம். ஆசியப் போட்டியிலும் ஒலிம்பிக்கிலும் இதே குதி உண்டு. உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களும் ஆட்டத்துக்குப் பலமுறை பந்தில்லாத இடத்தில் குதிக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் கவனக்குறைவாக இருக்க முடியாது. காரணம் ஒரு நொடிக்குள் அடங்கியிருக்கிறது. அந்த நொடியைத்தான் இந்த அத்தியாயத்தில் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

நடுவில் நிற்பவரின் வேலை

வாலிபால் களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். ஆண்களுக்கு வலையின் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். ஆறு பேரில் மூன்று பேர் வலையோரம் நிற்பார்கள்: இரண்டு ஓரத்துக்கும் ஒவ்வொருவர், நடுவில் ஒருவர். இந்த நடு ஆளை ஆட்டக்காரர்கள் மிடில் பிளாக்கர் அல்லது சென்டர் பிளாக்கர் என்பார்கள். நடுத் தடுப்பாளர் என்று நாம் வைத்துக்கொள்வோம்.

ஓரத்தில் நிற்பவருக்குக் காவல் ஒரு பக்கம்தான். நடுத் தடுப்பாளருக்கு ஒன்பது மீட்டர் முழுக்கக் காவல். எதிரணி நடுவில் அடித்தால் அவர் அங்கே இருக்க வேண்டும். இடது ஓரத்தில் அடித்தால் ஓடிப்போய் அங்கிருக்கும் தோழரோடு தோள் சேர்த்து இரட்டைத் தடுப்பு கட்ட வேண்டும். வலது ஓரத்தில் அடித்தாலும் அப்படியே. எங்கே அடிக்கப் போகிறார்கள் என்பது எதிரணி செட்டரின் கையில் இருக்கிறது. கடைசிக் கணம் வரை அவர் அதைக் காட்டிக்கொடுக்க மாட்டார்.

விதிகளும் தடுப்பவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் கொடுத்தே வந்திருக்கின்றன. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் வாலிபால் முதன்முதலாகச் சேர்ந்தது. அதன்பின் வந்த விதி மாற்றத்தால், தடுப்பவர் வலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் கையை நீட்டலாம் என்றானது. 1976இல் இன்னொரு மாற்றம் வந்தது. தடுப்பில் பட்ட தொடுதல் மூன்று தொடுதல் கணக்கில் சேராது. அதற்குப் பிறகும் அணிக்கு மூன்று முழுத் தொடுதல் உண்டு. எனவே பந்தை அப்படியே அடித்துக் கீழே தள்ள முடியாவிட்டாலும், விரலில் பட்டு வேகம் குறைந்தாலே போதும், பின்னால் நிற்பவர்கள் எடுத்துவிடுவார்கள். ஸ்கோர் அட்டையில் ஏறாத இந்த மெல்லிய தொடுதல்கள்தான் ஒரு நல்ல நடுத் தடுப்பாளரின் உழைப்பில் பெரும்பகுதி என்பது என் கருத்து.

உயரம் கொடுக்கும் நேரம்

நடுவில் ஏன் உயரமானவரை நிறுத்துகிறார்கள்? "கை எட்டும்" என்பதுதான் உடனே தோன்றும் பதில். ஆனால் 1.75 மீட்டர் ஆள் ஒருவர் நன்றாக எகிறினால் அவர் கையும் வலைக்கு மேல் எட்டத்தான் செய்கிறது. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 1.95 மீட்டர், நின்றபடி கையைத் தூக்கினால் விரல் நுனி சுமார் 2.52 மீட்டருக்கு எட்டும். இன்னொருவர் 1.75 மீட்டர், அவருக்கு எட்டுவது சுமார் 2.25 மீட்டர். இருவரும் சரியாக அரை மீட்டர் குதிக்கிறார்கள். தடுப்பு பயன்பட வேண்டுமென்றால் விரல் நுனி வலைக்கு மேல் குறைந்தது 30 சென்டிமீட்டராவது, அதாவது 2.73 மீட்டருக்காவது போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

அரை மீட்டர் குதிப்பவர், யாராக இருந்தாலும், தரையை விட்டுக் கிளம்பி மறுபடி தரை தொட 0.64 நொடி ஆகும். புவியீர்ப்பு உயரம் பார்த்துச் சலுகை கொடுப்பதில்லை. உயரமானவர் 2.73 மீட்டரைத் தொட 21 சென்டிமீட்டர் எழும்பினால் போதும். தரையை விட்ட 0.08 நொடியில் அவர் கை அந்த இடத்தில் இருக்கும். குள்ளமானவர் 48 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும். கிட்டத்தட்ட குதியின் உச்சி அது. அவருக்கு 0.25 நொடிக்கு மேல் பிடிக்கும். இன்னும் பெரிய வித்தியாசம், அந்த உயரத்துக்கு மேல் கை நிற்கும் நேரத்தில் இருக்கிறது. உயரமானவரின் கை 0.49 நொடி அங்கே நிற்கிறது. குள்ளமானவரின் கை 0.13 நொடிதான் நிற்கிறது. ஒரே குதி, ஒரே சுவர். ஆனால் ஒன்று கிட்டத்தட்ட அரை நொடி நிற்கிறது, மற்றொன்று எழும்பிய கையோடு இறங்கிவிடுகிறது.

எந்தக் குதியிலும் மொத்த நேரத்தில் சரிபாதி, உயரத்தின் மேல் கால் பங்கில்தான் கழிகிறது. மேலே போகப் போக வேகம் குறைவதால் ஆட்டக்காரர் காற்றில் தொங்குவதுபோல நமக்குத் தோன்றுகிறது. உயரமானவருக்கு அந்தத் தொங்கும் பகுதி முழுவதும் வலைக்கு மேலே பயன்படும் இடத்தில் அமைந்துவிடுகிறது.

ஆக, நடுத் தடுப்பாளரின் உயரம் அவருக்கு முதலில் வாங்கிக் கொடுப்பது நேரம். சீக்கிரம் எட்டலாம், அதிக நேரம் நிற்கலாம், நேரக் கணிப்பில் சிறு பிசகு வந்தாலும் தப்பலாம். குள்ளமானவர் இதற்கு ஈடுகட்ட 70 சென்டிமீட்டர் குதிக்க வேண்டும். அப்போதும் அவர் கை மேலே நிற்பது 0.42 நொடிதான்.

மூன்றில் ஒரு நொடி

இப்போது அந்தத் திட்டு வாங்கிய குதிக்கு வருவோம்.

எதிரணியின் நடு ஆட்டக்காரர் குவிக் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செட்டர் கைக்குப் பந்து வரும்போதே அவர் ஓடிவந்து எகிறிவிடுவார். செட்டர் பந்தை வலையோரமாகச் சின்னதாகத் தூக்கிக் கொடுக்க, காற்றில் காத்திருக்கும் கை அடித்துவிடும். செட்டரின் விரலிலிருந்து அடிக்கும் கைவரை பந்துக்கு ஆகும் நேரம் சுமார் மூன்றில் ஒரு நொடி. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மட்சுதைரா பயிற்றுவித்த ஜப்பான் ஆண்கள் அணி தங்கம் வென்றதில் இப்படிப்பட்ட வேகத் தாக்குதல்களுக்குப் பெரிய பங்குண்டு. தங்களைவிட உயரமான அணிகளை அவர்கள் நேரத்தில் வென்றார்கள்.

மூன்றில் ஒரு நொடிக்குள் தடுப்பவரால் என்ன செய்ய முடியும்? கண் ஒன்றைப் பார்த்து, மூளை முடிவெடுத்து, தசை அசையத் தொடங்கும்வரை ஆகும் இடைவெளிக்கு எதிர்வினை நேரம் என்று பெயர். ஒரே ஒரு விளக்கு எரிந்தவுடன் பொத்தானை அழுத்து என்றால் பெரும்பாலோருக்குச் சுமார் 0.2 நொடி ஆகும். பல விளக்குகளில் எது எரிகிறதோ அதற்குரிய பொத்தானை அழுத்து என்றால் நேரம் கூடும். 1952இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஹிக் பத்து விளக்குகளை வைத்துச் சோதித்து, தெரிவுகள் பெருகப் பெருக எதிர்வினை மெதுவாகிறது என்பதை அளந்து காட்டினார். நடுத் தடுப்பாளருக்கு முன்னால் நடு, இடது ஓரம், வலது ஓரம், பின்வரிசைத் தாக்குதல் என்று நான்கு விளக்குகளாவது இருக்கின்றன. அவருக்கு 0.3 நொடி என்று தாராளமாக வைப்போம். முழங்காலை மடக்கித் தரையை உதைக்க இன்னொரு 0.3 நொடி. கை மேலே எட்ட 0.08 நொடி. மொத்தம் 0.68 நொடி.

பந்து எடுத்துக்கொள்வது மூன்றில் ஒரு நொடி. பார்த்துவிட்டுக் குதித்தால் கை மேலே வரும்போது பந்து தரையில் இருக்கும்.

எனவே குவிக்கைத் தடுக்க வேண்டுமென்றால் ஒரே வழிதான் உண்டு. செட்டர் பந்தை விடுவதற்கு முன்பே, எதிரணி நடு ஆட்டக்காரரோடு சேர்ந்து எகிறிவிட வேண்டும். இதை முந்திக் குதித்தல் என்போம். இப்படிக் குதித்தபின் செட்டர் பந்தை ஓரத்துக்கு அனுப்பிவிட்டால், நமக்குத் தெரிவது பந்தில்லாத இடத்தில் ஒரு குதி.

அந்தக் குதியின் விலையையும் பார்த்துவிடலாம். காற்றில் 0.64 நொடி, இறங்கி நிதானிக்க 0.2, ஓரத்துக்கு மூன்று மீட்டர் நகரச் சுமார் 0.9, மறுபடி உதைத்தெழ 0.3, கை எட்ட 0.08. கூட்டினால் இரண்டு நொடிக்கும் மேல். ஓரத்துக்குப் போகும் வேகமான பந்து ஒரு நொடியில் போய்விடும். அவர் போய்ச் சேர வழியே இல்லை.

சரி, குவிக்கை விட்டுவிட்டுப் பொறுமையாகப் பார்த்தபின் நகர்ந்தால்? 0.3, 0.9, 0.3, 0.08, மொத்தம் 1.58 நொடி. செட்டர் ஆறு மீட்டர் உயரத்துக்குத் தூக்கிய பந்து, மூன்று மீட்டர் உயரத்தில் அடிக்கும் கைக்கு இறங்கிவர 1.66 நொடி ஆகும். நூலிழையில் எட்டிவிடுவார். பந்து தாழ்வாக, வேகமாகப் போனால் இதிலும் தோற்பார். காத்திருந்து தடுத்தல் என்ற இந்த முறையில் நடுக் காவல் கொஞ்சம் திறந்துகிடக்கும். ஓரக் காவலுக்கு ஆள் கிடைப்பார்.

எதைத் தேர்வது என்பது அணியின் முடிவு, பயிற்சியாளரின் முடிவு. ஒவ்வொரு புள்ளிக்கும் அது மாறும். ஓரத்தில் நிற்பவர் தனியாகத் தடுக்கும்படி விட்டுவிடுவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தால், நடுவில் எகிறியவர் தன் வேலையைத்தான் செய்திருக்கிறார்.

இதே ஆள் தாக்கும்போது நிலைமை தலைகீழாகும். தனக்குப் பந்து வராது என்று தெரிந்தும் முழு வேகத்தில் ஓடிவந்து, கையை ஓங்கி எகிறுவார். எதிரணி நடுத் தடுப்பாளரை 0.64 நொடி காற்றில் நிறுத்தி வைப்பதுதான் நோக்கம். ஓரத்தில் அடிப்பவர் ஒற்றைத் தடுப்பைச் சந்தித்துப் புள்ளி எடுக்கும்போது, கைத்தட்டலில் பாதி இவருக்குச் சேர வேண்டும்.

விளக்குக்கு அருகே கை

முந்திக் குதித்தல் இவ்வளவு விலை பிடித்தது என்றால், குவிக்கைத் தடுப்பதில் அப்படி என்ன லாபம்? அகல் விளக்குக்கு முன் கையை நீட்டிப் பாருங்கள். சுடருக்கு அருகே கொண்டுபோனால் சுவர் முழுக்க நிழல் விழும். சுவர்ப்பக்கம் நகர்த்தினால் நிழல் கை அளவுக்குச் சுருங்கும். தடுப்பும் அப்படித்தான். அடிக்கப்படும் பந்து சுடர். தடுப்பவரின் கைகள் மறைப்பு. அந்தக் கைகளைத் தாண்டிப் பந்து நேராகப் போக முடியாத பகுதி நிழல்.

குவிக் அடிப்பவர் வலையிலிருந்து அரை மீட்டர் தள்ளி அடிக்கிறார் என்போம். தடுப்பவரின் இரண்டு கைகளும் சேர்ந்து அரை மீட்டர் அகலம். கைகள் வலைக்கு நேர் மேலே இருந்தால், களத்தில் ஆறு மீட்டர் உள்ளே நிழலின் அகலம் ஆறரை மீட்டர். கைகளை வலை தாண்டி 25 சென்டிமீட்டர் எதிர்ப்பக்கம் நீட்டினால் நிழல் அகலம் இரட்டித்து, களத்தின் ஒன்பது மீட்டரையும் மிஞ்சிவிடும். 1964க்குப் பின் வந்த அந்த விதி மாற்றம் ஆட்டத்தை எவ்வளவு புரட்டிப்போட்டது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி. தாக்குதல் கோட்டுக்குப் பின்னாலிருந்து, அதாவது வலைக்கு மூன்று மீட்டர் தள்ளி அடிப்பவருக்கு முன்னால் அதே கைகள் வலைக்கு மேல் நின்றால், ஆறு மீட்டர் உள்ளே விழும் நிழல் ஒன்றரை மீட்டர்தான். பின்வரிசைத் தாக்குதலுக்கு இரண்டு மூன்று பேர் சேர்ந்து எகிறுவது இதனால்தான்.

சரியான நேரத்தில் எகிறிய ஒரே நடுத் தடுப்பாளர் குவிக்கை முழுக்க அடைத்துவிட முடியும். அவ்வளவு பெரிய லாபத்துக்காகத்தான் அவ்வளவு பெரிய பணயம்.

செட்டரின் உடம்பைப் படிப்பது

பார்த்துவிட்டுக் குதிக்க ஆகும் அந்த 0.68 நொடியில் எதைக் குறைக்கலாம்? புவியீர்ப்பைக் குறைக்க முடியாது. தசையை ஓரளவு பழக்கலாம். அதிகம் குறைக்கக்கூடியது அந்த முதல் 0.3 நொடி, பந்து கையை விடுவதற்கு முன்பே சேதி கிடைத்தால் அது கிட்டத்தட்ட இல்லாமலே போகும். தேர்ந்த தடுப்பாளர்களின் கண் பந்தின் பின்னால் அலைவதில்லை. முதல் தொடுதல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுச் செட்டரிடம் போய் நிற்கும். பந்து அவர் நெற்றிக்கு முன்னால் இருக்கிறதா, தலைக்கு நேர் மேலா? முதுகு வளைகிறதா? மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது? நல்ல செட்டர் இந்தத் துப்புகளை எல்லாம் ஒளிக்கப் பழகியிருப்பார். முன்னால் போடும் பந்தையும் பின்னால் போடும் பந்தையும் ஒரே தோரணையில் விடுவார். தமிழகத்திலிருந்து போய் இந்திய அணிக்கு ஆண்டுக்கணக்கில் செட்டராக ஆடிய மோகன் உக்கிரபாண்டியன் போன்றவர்களின் பெருமதிப்பு இதில் இருக்கிறது.

தடுப்பு சர்வீஸிலேயே தொடங்கிவிடுகிறது என்பதைப் பார்வையாளர்கள் அதிகம் கவனிப்பதில்லை. பலமான சர்வீஸைச் சரியாக எடுக்க முடியாமல் பந்து வலையை விட்டு நான்கு மீட்டர் தள்ளி விழுந்தால், செட்டரால் குவிக் கொடுப்பது கடினம். நான்கு விளக்குகளில் ஒன்று அணைந்துவிட்டது. மிஞ்சுவது பெரும்பாலும் ஓரத்துக்கு உயரத் தூக்கும் பந்துதான், அதற்கு 1.58 நொடியில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

2023 செப்டம்பர் 20 அன்று ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்திய ஆண்கள் அணி தென்கொரியாவை ஐந்து செட்டில் வென்றது. முந்தைய ஆசியப் போட்டியில் வெள்ளி வாங்கிய அணி கொரியா. ஸ்கோரைப் பாருங்கள்: 25-27, 29-27, 25-22, 20-25, 17-15. கடைசி செட்டில் வித்தியாசம் இரண்டே புள்ளி. 1986 சியோல் வெண்கலத்துக்குப் பிறகு ஆசியப் போட்டியில் பதக்கம் பார்க்காத நமது ஆண்கள் அணிக்கு அது பெரிய வெற்றி. அந்த அணியின் நடுத் தடுப்பாளர்களில் ஒருவர் கர்நாடகத்தைச் சேர்ந்த அஷ்வல் ராய். 2022இல் முதல் பிரைம் வாலிபால் லீக் கோப்பையைக் கொல்கத்தா தண்டர்போல்ட்ஸ் வென்றபோது அதன் தலைவர் இவர்தான். கொரியாவுடனான அந்த ஆட்டத்தின் பதிவு கிடைத்தால், பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் ஒரு செட் முழுக்கப் பாருங்கள். கை எப்போதும் தோளுக்கு மேலே, விரல்கள் விரிந்து, முழங்கால் லேசாக மடங்கி, பார்வை செட்டர் மேல்.

இறங்குவதற்கும் கணக்கு உண்டு

அணியில் அதிகம் எகிறுபவர் பெரும்பாலும் இவர்தான். தடுக்கவும் எகிறுகிறார், ஏமாற்றவும் எகிறுகிறார், அடிக்கவும் எகிறுகிறார். பின்வரிசைக்குச் சுழன்றதும் வேறு நிற ஜெர்ஸி போட்ட லிபரோ அவருக்குப் பதிலாக உள்ளே வருவார். 1998இல் சர்வதேச ஆட்டத்துக்கு வந்த ஏற்பாடு இது. அந்தச் சில நிமிஷம்தான் ஓய்வு.

அரை மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் 85 கிலோ ஆளின் பாதம் தரை தொடும்போது வேகம் நொடிக்கு 3 மீட்டருக்கு மேல். முழங்காலை விறைப்பாக வைத்துப் பத்து சென்டிமீட்டருக்குள் நின்றால், கால்கள் தாங்க வேண்டிய சராசரி விசை உடல் எடையைப்போல் ஆறு மடங்கு. ஐந்நூறு கிலோவுக்கு மேல். முழங்காலையும் இடுப்பையும் மடக்கி முப்பது சென்டிமீட்டரில் நிதானமாக நின்றால் அது மூன்று மடங்குக்கும் கீழே வந்துவிடும். ஓடிக்கொண்டே எகிறி ஒற்றைக் காலில் இறங்கினால் இத்தனையும் அந்த ஒரு முழங்காலுக்கு. வாலிபாலில் அதிகம் நேரும் காயம் கணுக்கால் சுளுக்கு; அதில் பெரும்பகுதி வலைக்கடியில் இன்னொருவரின் பாதத்தின் மேல் இறங்குவதால் வருகிறது. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் வலி, எகிறி எகிறித் தேய்ந்த கால்களுக்கு வருவது.

ஆகவே உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஊர் அணிகளை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். எட்டாம் வகுப்பிலேயே வளர்ந்து நிற்கும் பையனை, பெண்ணை நடுவில் நிறுத்துங்கள், தவறில்லை. ஆனால் சிமெண்ட் தரையில் நாள் முழுக்க எகிறச் சொல்லாதீர்கள். மண் தரையைக் கொத்திவிட்டு, கல் பொறுக்கி, அதில் பழக்குங்கள். எகிறக் கற்றுக்கொடுக்கும் முன், இரண்டு காலில் முழங்கால் மடக்கி இறங்கக் கற்றுக்கொடுங்கள். முழங்கால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். அன்றைக்குச் செட்டரின் முதுகைப் பார்த்துத் திசை சொல்லும் பயிற்சியை மட்டும் உட்காரவைத்துக் கொடுங்கள். அதற்குக் கால் வேண்டாம், கண் போதும்.